பின்சுவரில் ஒரு வழி

சொல்லப்போகிற ஒவ்வொரு சொல்லும் நிஜம். என் மீசை மேல் சத்தியம். போதாது என்றால் எதிர்வீட்டுக்காரர் மீசை மேலும் சத்தியம். அது என்னுடையதை விடப் பெரிது.

செங்கரடு என்று ஒரு மலை. அதன் அடிவாரத்தில் ஒரு மடம். அங்கே குரு ஒரு பெண். மாராத்தாள் என்று பெயர், எல்லோருக்கும் ஆத்தா. அவள் ஞானம் பேசிய நேரத்தை விட ஆடு மேய்த்த நேரமே அதிகம்.

அவளுடைய சீடர் நஞ்சுண்டன் அவளை விட வயதில் மூத்தவர். ஓய்வு பெறும்வரை ஓவர்சியராக இருந்து சிறைச்சாலைகள் கட்டியவர். அவர் கட்டிய சிறைக்குள் எறும்பு நுழைந்தால் ஜாமீன் வாங்கித்தான் வெளியே வர முடியும்.

மடத்துக்கு வந்த நாளில் கொண்டுவந்த துணி மூட்டையை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை. கட்டியது கட்டியபடி தலைமாட்டில் இருந்தது. ஒரு நாள் ஆத்தாவிடம் போய் நின்றார்.

"ஆத்தா, வந்து வருஷக்கணக்காகிவிட்டது. இன்னும் என்றைக்காவது கிளம்பிவிடுவோம் என்ற நினைப்பு போகமாட்டேன் என்கிறது. என்ன செய்யட்டும்?"

ஆத்தா வானத்தைப் பார்த்தாள். "மழைக்காலம் வரப்போகுது. ஆட்டுக்கு ஒரு கொட்டகை கட்டுங்க, ஓவர்சியரே."

அவர் உடனே கல் சுமக்கக் கிளம்பினார். போன மழையில் ஆடுகள் வெட்டவெளியில் குட்டி போட்டு, குட்டிகள் விறைத்துச் செத்தன. குழி தோண்டிப் புதைத்தது அவர்தான். இந்த மழைக்கும் பாதி ஆடு சினை.

மனசு வைத்துக் கட்டினார். மூத்திரம் தேங்காமல் ஓட, தரைக்கு வாட்டம் கொடுத்தார். சாரல் அடிக்காமல் தாழ்வாரத்தை நீட்டி இறக்கினார். நாலு பக்கமும் கல் சுவர், நரி வராமல் ஒரே ஒரு கதவு. சுவர் எவ்வளவு கெட்டி என்றால், ஒரு இடி வந்து மோதிவிட்டு முழங்கையைத் தடவிக்கொண்டே பக்கத்து ஊருக்குப் போனது. நானே பார்த்தேன்.

ஆடுகள்தான் உள்ளே நுழையவில்லை.

மந்தைக்கு முன்னால் போகிற கிழட்டுப் பெட்டை ஆடு வாசற்படியில் நின்றது. உள்ளே இருட்டைப் பார்த்தது. திரும்பிவிட்டது. மற்றதெல்லாம் அதன் பின்னால். அகத்திக் கீரை காட்டினார்கள், இழுத்தார்கள், தள்ளினார்கள். ஒன்றை நஞ்சுண்டன் தோளில் தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டார். அவர் நிமிர்வதற்குள் அது அவர் தலையைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. வழியோடு போன ஒருவர் நின்று, இந்த ஆடுகள் அப்படி என்ன குற்றம் செய்தன என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மேகம் கரட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. சினை ஆடு ஒன்று வலி கண்டு வேலமரத்தடியில் படுத்துவிட்டது. நஞ்சுண்டன் ஆத்தாவிடம் ஓடினார்.

"இன்னொரு வருஷம் குழி தோண்ட என்னால் ஆகாது, ஆத்தா."

அவள் வந்தாள். கதவு வழியாக உள்ளே போய்ப் பின்சுவர் வரை நடந்து, அதைத் தட்டிப் பார்த்தாள். கடப்பாரையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இடிங்க."

"ஆடெல்லாம் இந்தப் பக்கம் வெளியே போய்விடுமே, ஆத்தா."

"போகட்டும்."

அவர் கட்டியதிலேயே நல்ல சுவர் அதுதான். கடப்பாரையை ஓங்கி இறக்கினார். ஆள் நுழைகிற அளவுக்குக் கல் பெயர்ந்தது. உள்ளே வெளிச்சம் விழுந்தது. அப்பால் பச்சைக் காடு தெரிந்தது.

கிழட்டுப் பெட்டை வாசற்படியில் நின்றபடி அந்த வெளிச்சத்தைப் பார்த்தது. உள்ளே வந்தது. நேராகப் பின்வழிக்கு நடந்தது. அது வெளியே தலையை நீட்டி, மழைக்காற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து தரையில் படுத்து அசைபோட ஆரம்பித்தது. பின்னாலேயே மந்தை முழுவதும் வந்தது. வலி கண்ட ஆடு கடைசியாக, மெல்ல நடந்து வந்தது. அதுவரை கரட்டு உச்சியில் பொறுத்திருந்த மழை, அது உள்ளே கால் வைத்ததும் கொட்டியது.

"நரி வந்தால், ஆத்தா?"

"ராத்திரிக்கு ஒரு மூங்கில் படல் வைங்க. படலைத் தாண்டி நரி வராது. உங்க சுவருக்கு ஆடே வரலையே."

குட்டி விழுந்தது. நனைந்து நடுங்கியது. துடைக்கத் துணி இல்லை. நஞ்சுண்டன் மழையில் ஓடிப்போய் மூட்டையைத் தூக்கி வந்து, அவிழ்த்து, வேட்டிகளால் குட்டியைத் துடைத்தார். அது காதை உதறிக்கொண்டு எழுந்து தாயின் மடியைத் தேடியது. அப்புறம்தான் தன் கையில் இருப்பது எது என்று பார்த்தார்.

"அவிழ்ந்துவிட்டது, ஆத்தா."

"துவைச்சுக் காயப்போட்டு, மறுபடி மூட்டை கட்டித் தலைமாட்டிலேயே வைங்க."

"இனி எதற்கு, ஆத்தா? நான்தான் போகப்போவதில்லையே."

"ஆடும்தான் போகலை. அதுக்காகச் சுவரை மறுபடி அடைக்கவா சொன்னேன்?"

நஞ்சுண்டன் வேட்டியைப் பிழிந்தார்.

கேட்டது உங்களோடு இருக்கட்டும். சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். எதிர்வீட்டுக்காரரைக் கேட்காமலே அவர் மீசை மேல் சத்தியம் பண்ணிவிட்டேன்.