பால் மறக்கடித்த பீன்ஸ் செடி

அந்தக் காலத்தில் செடிக்கும் பூச்சிக்கும் மனுஷருக்கும் பேச்சு ஒன்றுதான். அப்போது மலைச்சரிவில் சிலம்பாயி என்கிறவளுடைய தோட்டத்தில் அக்கா, தங்கை என்று இரண்டு பீன்ஸ் செடிகள் இருந்தன. இரண்டுக்கும் வழவழவென்று இலை. யார் வந்து ஒண்டினாலும் போ என்று சொல்லத் தெரியாத குணம்.

ஒரு மழைநாளில் வெள்ளை ஈ நனைந்துகொண்டே அக்கா செடியிடம் வந்தாள். வயிறு நிறைய முட்டை.

"மதினி, இலைக்கு அடியில ஓரமா ஒதுங்கிக்கிறேன். மழை விட்டதும் போயிருவேன்."

"பிள்ளைத்தாச்சி, இதைக் கேட்டுக்கிட்டா நிக்கிறது? உள்ள வா."

மழை விட்டது. ஈ போகவில்லை. முட்டை பொரிந்து, குஞ்சுகள் இலையில் வாய் வைத்தன. அக்காளுக்கு வலித்தது. பச்சைப் பிள்ளைகள், குடித்துவிட்டுப் போகட்டும் என்று பொறுத்துக்கொண்டாள். அவையும் வளர்ந்து அங்கேயே முட்டையிட்டன. இலை மஞ்சளித்துச் சுருண்டது. அவள் பெற்ற காய்கள் சாறு இல்லாமல் சூம்பிச் சூம்பி விழுந்தன. மிஞ்சியது ஒரே காய். அதுவும் போனால் அவள் வம்சத்துக்கு விதையே இல்லை.

"ஒரு காய் போனா என்ன மதினி? திரும்பப் பூக்காமலா போயிருவே?" என்றாள் ஈ, இறக்கையைக் கோதிக்கொண்டே.

அன்றைக்குச் சிலம்பாயி வரப்பில் வந்து உட்கார்ந்தாள். நடக்கப் பழகிய மகன் ஒருவன், வயிற்றில் இன்னொன்று. அடிவாரத்திலிருந்து கொண்டுவந்த வேப்பங்கொழுந்தைக் கல்லில் அரைத்து மாரில் தடவிக்கொண்டாள். ஓடிவந்து வாய் வைத்தவன் துப்பிவிட்டு அலறினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அக்கா செடிக்குத் தாங்கவில்லை. "என்ன சிலம்பாயி, பெத்த பிள்ளைக்கே கசப்பைக் காட்டுறே?"

"பாலை மறக்கடிக்கணுமே. இவன் சோறு தின்னு பொழைச்சுக்குவான். வயித்துல இருக்கிறது என்னை விட்டா எங்க போகும், சொல்லு?"

அக்கா செடி தன் ஒற்றைக் காயைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"கல்லுல மிச்சம் இருக்கா?"

"நல்லா யோசிச்சுக்க. அழுகுரல் கேக்கணும். காதைப் பொத்திக்கக் கைகூட இல்ல உனக்கு."

"பூசு."

சிலம்பாயி இலை இலையாகப் புரட்டி அடிப்பக்கம் பூசினாள். பக்கத்திலிருந்த தங்கையிடம், "உனக்கும் பூசவா? அடுத்து உங்கிட்டதான் வருவாங்க" என்றாள்.

தங்கைக்குக் காய் முற்றியிருந்தது. "வேண்டாம். பச்சை மண்ணு அழுறதை என்னால கேக்க முடியாது" என்றாள்.

குஞ்சுகள் வாய் வைத்தன. எடுத்தன. ஒரே அழுகை.

"மதினி! நீயா இப்படி?" என்று ஈ கதறினாள்.

அந்தச் சத்தத்தில் அக்காளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இலைக்கு அடியில் பொடிப்பொடியாகச் சுணைமுடி எழுந்து, கொக்கிபோல் வளைந்து நின்றது. ஈக்கூட்டம் அதில் கால் மாட்டி, பிய்த்துக்கொண்டு தங்கையிடம் பறந்தது. வா என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

அக்காளின் அந்த ஒற்றைக் காய் முற்றியது. எழுந்த சுணை மட்டும் பிறகு படியவே இல்லை.

அன்று முதல்தான் தங்கை வழி வந்த பீன்ஸ் வெள்ளை ஈக்கு இடம் கொடுத்து மஞ்சளித்துப் போகிறது. அக்காள் வழி வந்ததோ பச்சை மாறாமல், ஈயை அண்டவிடாமல், இன்னும் புல்லரித்துக்கொண்டே நிற்கிறது.