போலந்துக்குப் போன செசிலி

“டீச்சர், செசிலி போலந்துல இருக்கா. என்ன ஊரு, எதுக்குன்னு ஒண்ணும் தெரியல.”

காலைக் காப்பியைக்கூடக் குடிக்காமல் மாடியேறி வந்து வியாகப்பன் சொன்னது இது.

செசிலி அவர் மனைவி. காலமாகி மூன்று வருடம் ஆகிறது. போலந்துக்குப் போனது அவள் படம்.

டீச்சர் என்று அவர் அழைப்பது மாடியில் குடியிருக்கும் ஹாஜிராவை. அவளுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். வாடகையும் அவள்தான் தருகிறாள். ஆனாலும் அந்தத் தூத்துக்குடி வீட்டில் குரு அவள், சிஷ்யர் அவர்.

ஹாஜிரா இணையத்தில் படம் விற்றுப் பிழைக்கிறாள். தக்காளி, மடித்த துண்டு, கதவுத் தாழ்ப்பாள் என்று எதையாவது படமெடுத்துத் தளத்தில் ஏற்றுவாள். விளம்பரத்துக்கோ காலண்டருக்கோ யாராவது காசு கட்டி இறக்கிக்கொள்வார்கள். யார், எதற்கு என்று தளம் சொல்லாது. எந்த நாடு என்று வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் வைக்கும்.

வியாகப்பனும் கற்றுக்கொண்டார். துறைமுகத்துச் சூரியனை விதவிதமாகப் பிடித்து ஏற்றினார். போதும் போதும் என்று தளம் திருப்பி அனுப்பியது. உலகத்தில் கேமரா வைத்திருக்கிற எல்லாரும் சூரியனைத்தான் பிடிக்கிறார்கள், பாவம்.

கடைசியில் செசிலி சிரிக்கிற படத்தை ஏற்றினார். படத்தில் இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வாரிசாக அவரே போட்டார். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

நேற்று போலந்தின் மேல் புள்ளி விழுந்துவிட்டது.

“வித்தா நல்லதுதானே அண்ணாச்சி?” என்றாள் ஹாஜிரா.

“நல்லதுதான். ஆனா அங்க இப்போ பனி கொட்டும். நான் கப்பல்ல போயிருக்கேன்லா. இவ மெல்லிசா ஒரு வாயில் சேலையில நிக்கா.”

ஹாஜிரா சிரிக்கவில்லை. சிஷ்யன் என்ன உளறினாலும் சிரிக்காமல் இருப்பதுதான் குருவுக்குப் பாதித் தகுதி.

வியாகப்பன் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஊர் ஊராகப் போனார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும், அடுத்த தடவை உன்னைக் கூட்டிப் போகிறேன் என்றார். செசிலி மதுரையைத் தாண்டியதில்லை.

“காசுக்காகவா ஏத்துனேன்? நாலு ஊரு பாக்கட்டும்னுதான் டீச்சர். அவ எங்க இருக்கான்னு தேடிக் குடுங்க.”

“தேடலாம். கிடைக்கும்னு சொல்ல முடியாது. கிடைச்சு, அது மூல வியாதி மருந்து விளம்பரமா இருந்தா?”

அவர் முகம் சுருங்கியது.

“பரவால்ல. ஆனா அவ யாருன்னு அவுகளுக்குத் தெரியணும்லா?”

“என்ன தெரியணும்?”

“மணப்பாட்டுத் திருவிழா. நான் கோயிலப் படம் எடுக்கேன். இவ பக்கத்துல நின்னு சிரிக்கா. ஏட்டி எதுக்குச் சிரிக்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா. சிரிப்பு நிக்கவே இல்ல. அப்படியே இவ பக்கம் திருப்பி எடுத்துட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையக் கழத்தும்போது பாத்தா, காலருக்குப் பின்னால விலைச்சீட்டு தொங்குது. புதுச்சட்டை. நாள் பூரா அதோடதான் சுத்திருக்கேன்.”

சொல்லி முடிக்கும்போது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சிரிப்பை அவளுக்குப் பிறகு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

“அங்க இதை யாராவது சொல்லுவாங்களா, டீச்சர்?”

“மாட்டாங்க. அவங்களுக்குச் சிரிக்கிற ஒரு பொம்பள வேணும். அவ்வளவுதான்.”

“அப்போ அழிச்சிருங்க.”

“தளத்துல இருந்து எடுத்துரலாம். போலந்துக்குப் போனது போனதுதான்.”

வியாகப்பன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கூட்டிட்டுப் போறேன்னு சொன்னவன் வித்துட்டேன் பாத்தீகளா.”

ஹாஜிரா அவரைத் தாண்டிப் படியிறங்கினாள். அவர் வீட்டுக் கூடத்துக்குள் போனாள். அவரும் பின்னாலேயே ஓடினார்.

சுவரில் சின்ன பல்பு எரிய, செசிலி சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதே படம்தான். ஹாஜிரா மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். சட்டத்தை இறக்கித் திருப்பினாள்.

“டீச்சர், என்ன செய்யுதீக?”

அவள் பின்பக்கத்துத் தகட்டுக் கொக்கிகளை நகத்தால் நிமிர்த்தினாள். அட்டையை எடுத்தாள். அட்டைக்கும் செசிலிக்கும் நடுவே இன்னொரு படம் இருந்தது.

கோதுமை வயல். ஒரு வெள்ளைக்காரப் பெண் தோளில் குழந்தையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூலையில் சட்டத்தின் அளவு அச்சிட்டிருந்தது.

“யாரு அண்ணாச்சி இது?”

“யாருக்குத் தெரியும்? சட்டம் வாங்கும்போது உள்ள இருந்தது. செசிலி படம் ஆடாம நிக்கட்டும்னு எடுக்காம விட்டுட்டேன். எல்லாக் கடையிலயும் போட்டு வைக்கதுதான், சும்மா சிரிக்கிற ஒரு…”



ஹாஜிரா படத்தை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அதன் மேல் ஒட்டியிருந்த தூசியை வேட்டி முனையால் மெதுவாகத் துடைத்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவுக பேரு என்னவா இருக்கும், டீச்சர்?”