கீறல் விழாத கதவு

"தோழர், ஒரு வீட்டுக்காரனைப் பணிய வைக்கிறது எப்படி?"

குடித்தனக்காரர் சங்க அலுவலகத்துக்குள் மூச்சிரைக்க வந்து நின்ற ஆவுடையப்பன் இப்படித்தான் கேட்டார்.

சங்கத்தை நடத்தும் இசக்கியம்மாள், பீடிக் கம்பெனிகளோடு மோதி வளர்ந்தவர். ஆவுடையப்பன் அவரிடம்தான் அரசியல் படித்தார். இருவருக்கும் ஒரே வயது. இசக்கியம்மாள் குறைவாகப் பேசுவார். மீதியை ஆவுடையப்பன் பேசிவிடுவார்.

"என்ன நடந்துச்சு?"

"சாவி பூட்டுக்குள்ள ஒடிஞ்சிபோச்சு. கதவு உள்ள இருந்தும் தெறக்கல, வெளிய இருந்தும் தெறக்கல."

"உள்ள யாரு?"

"முத்துக்கனி."

முத்துக்கனி அவர் மனைவி. இழுப்பு நோய்க்காரி. அந்த வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே ஜன்னல். மாதமோ சித்திரை.

"எப்பத்துல இருந்து?"

"காலையில இருந்து. பூட்டு ரிப்பேர்காரர் வந்து பாத்தாரு. உடைச்சாத்தான் உண்டுன்னுட்டுப் போயிட்டாரு."

"உடைக்க வேண்டியதுதான?"

ஆவுடையப்பன் திகைத்தார்.

"வீட்டுக்காரன் திருச்செந்தூர் போயிருக்கான். போன் போட்டேன். தேக்குக் கதவு, தாத்தா காலத்துக் கதவு, ஒரு கீறல் விழுந்தாலும் காலி பண்ணிட்டுப் போங்கான். சாயங்காலம் வந்து பாக்கேங்கான். திமிரப் பாத்தீயளா?"

"பாத்தேன். அதான் கேக்கேன். உடைக்க வேண்டியதுதான?"

"நம்ம தீர்மானம் இருக்குல்லா? வீட்டுக்காரன் சொத்துல கை வைக்கக் கூடாதுன்னு? நாளைக்கு நம்மள ரவுடின்னு சொல்லிருவான்."

அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவரே ஆவுடையப்பன்தான். அன்றைக்குப் பலத்த கைதட்டல்.

"முத்துக்கனி என்ன சொல்லுதா?"

"அவ எங்க பேசுதா? மூச்சு விடவே திணறுதா. பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியா விசிறிக்கிட்டு நிக்கா."

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார்.

"கண்டன நோட்டீஸ் எழுதிட்டேன், தோழர். ஊரு முழுக்க ஒட்டணும். 'வன்மையாகக் கண்டிக்கிறோம்'னு போட்டிருக்கேன். 'மிக வன்மையாக'ன்னு போட்டுருவமா?"

மேடையில் இந்த மனிதர் உடைக்காத சிறைக்கதவு கிடையாது.

இசக்கியம்மாள் நோட்டீசை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"உக்காந்து திருத்துங்க."

எழுந்து வெளியே போனார். கதவைச் சாத்தினார். கொண்டி விழுந்தது. பூட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"தோழர்?"

"சொல்லுங்க."

"கதவு பூட்டிக்கிடுச்சே?"

"ஆமா. பூட்டு இறுகிருச்சு. இதுவும் வாடகைக் கட்டடந்தான? வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு உடைக்கேன்."

"அவரு மதுரையிலல்லா இருக்காரு?"

"போன் அடிக்கேன்."

ஆவுடையப்பன் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. கரண்ட் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இசக்கியம்மா! வெளையாடாதீய!"

"எடுக்க மாட்டேங்காரு. பொறுங்க."

"அங்க என் பொண்டாட்டி சாகக் கெடக்கா! என்னைய அடைச்சி வச்சி வேடிக்கை பாக்கீயளோ? நீங்கள்லாம் ஒரு தலைவரா?"

"சாயங்காலத்துக்குள்ள பதில் வந்துரும், தோழர்."

சாயங்காலம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆவுடையப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது. மூலையில் பந்தலுக்குக் குழி தோண்டும் கடப்பாரை சாய்ந்திருந்தது. அதை எடுத்தார். கதவிடுக்கில் செருகி நெம்பினார். பலகை பிளந்தது. கொண்டி ஆணிகளோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

வெளியே வந்து நின்றார்.

இசக்கியம்மாள் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் போனே இல்லை. பிளந்த பலகையைப் பார்த்தார். கடப்பாரையைப் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார்.

ஆவுடையப்பன் கடப்பாரையோடு ஓடினார்.

நோட்டீஸ் அறைக்குள்ளேயே கிடந்தது.

வீட்டு வாசலில் கூட்டம். எல்லோரும் அந்த வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள்.

"அண்ணாச்சி, கதவுல கை வச்சிராதீய. எங்களையும் சேத்துல்லா காலி பண்ணச் சொல்லுவான்!" என்று ஒருவர் குறுக்கே வந்தார். ஆவுடையப்பன் அவரைப் பிடித்துத் தள்ளினார். கதவோடு வாயை வைத்துக் கூப்பிட்டார்.

"முத்துக்கனி!"

உள்ளே மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"வீட்டுக்காரரு... சரின்னு... சொல்லிட்டாரா?"

ஆவுடையப்பன் கடப்பாரையை ஓங்கினார்.

"தள்ளி நில்லு."