மூன்றாவது பில்டர்

“இன்னொரு பில்டர் வேணும், அம்மணி” என்றார் நாச்சிமுத்து.

துளசிமணி தலையைத் தூக்கவில்லை. காங்கேயம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டுப் பதினாறு வருசமாகக் கார் பழுது பார்க்கிறவள். வயது நாற்பதுகூட ஆகவில்லை. பேச்சில் மகா கஞ்சம். அவளிடம் வண்டியை விட்டவர்கள் சரியான வண்டியோடு திரும்பினார்கள். என்ன கோளாறு என்று விளக்கம் கேட்டவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்கள்.

“இப்ப எத்தனைங்கண்ணா இருக்குது?”

“ரெண்டு. வண்டியோட வந்தது ஒண்ணு. நானா வீட்டுல மாட்டினது ஒண்ணு.”

“மாட்டின பொறகு?”

“அப்பவும் நிக்குது.”

நாச்சிமுத்துவுக்கு அறுபத்தொரு வயது. நெல் மில்லில் முப்பத்திரண்டு வருசம் சல்லடை பார்த்தவர். அரிசியில் கல் வந்தால் ஒரு சல்லடை. அதையும் மீறி வந்தால் அதற்குக் கீழே இன்னொன்று. சல்லடைக்கு அடங்காத சங்கதி உலகத்தில் உண்டென்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் மனுசன் நம்பியிருக்க மாட்டார்.

அதனால்தான், பெட்ரோலில் அழுக்கு வருகிறது என்று தெரிந்ததும் அவர் யாரையும் கேட்கவில்லை. பைக்குக்குப் போடுகிற, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பில்டர் ஒன்றை வாங்கினார். வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து, பெட்ரோல் டியூபை நடுவில் அறுத்து, பில்டரைச் செருகி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு முறுக்கினார். அன்றைக்கு அவருக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! கப்பலையே கட்டி இறக்கிவிட்ட மாதிரி.

பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் புதுப் பில்டர் அடைத்துக்கொண்டு, வண்டி நடு ரோட்டில் நின்றது.

“வாரத்துல மூணு நாள், அம்மணி” என்றார் நாச்சிமுத்து. “காலைல எட்டு மணிக்கு ஆஸ்பத்திரில மிசினு. எட்டரை தாண்டுனா கட்டிலை அடுத்த ஆளுக்குக் குடுத்திருவாங்க. போன மாசம் குடுத்துட்டாங்க. அடுத்த நாள் பூரா அவ படுக்க முடியாம உக்காந்துக்கிட்டே மூச்சு வாங்கினா. இனி ஒரு தடவை அப்படி ஆனா நான் தாங்க மாட்டேன்.”

அவர் மனைவி மயிலாத்தாளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருசமாகிறது. டவுன் ஆஸ்பத்திரி மிசின்தான் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிறது. பஸ்ஸில் போகத் தெம்பில்லை. அந்தப் பழைய சின்னக் கார்தான் கதி.

துளசிமணி எழுந்து உள்ளே போனாள். பில்டரோடு வருவாள் என்று பார்த்தார். காலி ஊறுகாய் பாட்டிலோடு வந்தாள்.

“இதெதுக்கு?”

“வண்டிக்கு ஊத்தறதைக் கொஞ்சம் இதுல ஊத்தி வெச்சுப் பாருங்க. பாத்துட்டு வாங்க.”

“பில்டரு?”

அவள் அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

ஊர் முழுக்க மெக்கானிக் இருக்க, இவளிடம் வந்து நின்றோமே என்று நொந்துகொண்டார் நாச்சிமுத்து. ஆனாலும் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். மறுத்துப் பேசத் தெம்பு வேண்டும். அது அவரிடம் இல்லை.

வண்டிக்கு அவர் ஊற்றியது பங்க் பெட்ரோல் மட்டுமல்ல. வீட்டின் பின்வாசலில் ஓர் இரும்பு டின் இருந்தது. மில்லை மூடியபோது கொண்டுவந்தது. பங்க் அடைத்திருந்தால்? பந்த் என்றால்? மழை வெள்ளம் என்றால்? ஆகவே அதில் எப்போதும் ஐந்து லிட்டர் இருக்கும். பெட்ரோல் பழசாகிவிடக் கூடாது அல்லவா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டின்னில் இருப்பதைக் காருக்கு ஊற்றிவிட்டு, டின்னில் புதுசு நிரப்பி வைப்பார். அவ்வளவு முன்னெச்சரிக்கை.

டின்னிலிருந்து பாட்டிலில் ஊற்றினார். மூடி வைத்தார்.

காலையில் பார்த்தபோது பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடைக்குத் துரு படிந்திருந்தது.

நாச்சிமுத்து அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் தன் கையாலேயே அழுக்கை ஊற்றிவிட்டு, திங்கட்கிழமை அதை வடிகட்ட வழி தேடியிருக்கிறார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

பாட்டிலோடு கொட்டகைக்குப் போனார். கோபமாகத்தான் போனார்.

“டின்னுதான் காரணம்னு நேத்தே சொல்லியிருக்கலாமே?”

“எனக்கு எப்படிங்கண்ணா தெரியும்? நான் உங்க ஊட்டுக்கு வந்ததே இல்லியே.”

“பின்ன யாருக்குத் தெரியும்?”

துளசிமணி கையைத் துடைத்துக்கொண்டு காரின் பின்சீட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு தலையணையும், மடித்த போர்வையும் கிடந்தன.

“அங்க உக்கார்றவங்களைக் கேட்டீங்களா?”

“அவளுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?”

“நான் காரைப் பத்திக் கேக்கச் சொல்லலீங்க.”

அவள் ஸ்பானரை எடுத்தாள். டேங்க்கை இறக்கிக் கழுவினாள். அவர் மாட்டிய பில்டரைக் கழற்றி, டியூபைப் புதுசாக மாற்றினாள். கழற்றிய பில்டரை அவர் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே துரு அடைத்துச் சிவந்து கிடந்தது.

நாச்சிமுத்து வீட்டுக்கு வந்தார். மயிலாத்தாள் பின்வாசல் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“மயிலா, இந்த டின்னுல துரு இருந்தது உனக்குத் தெரியுமா?”

கேட்டு முடிக்கும்போதே, இது என்ன அசட்டுக் கேள்வி என்று அவருக்கே தோன்றியது.

“தெரியுமுங்க” என்றாள்.

“எப்படி?”

“அது வெச்ச எடத்துல செவப்பா வட்டம் விழுந்து கெடக்குது. நவுத்தினா உள்ள கரகரன்னு சத்தம் வரும். தெனமும் கூட்டறவளுக்குத் தெரியாதுங்களா?”

“எத்தனை நாளா?”

“ஆறு மாசம் இருக்கும்.”

“ஆறு மாசமா! நான் படற பாட்டைப் பாத்துக்கிட்டே இருந்தியே. ஏன் சொல்லலை?”

மயிலாத்தாள் தன் கால்களைப் பார்த்தாள்.

“சொன்னா வண்டி நிக்காதுங்களே.”

அவருக்குப் புரியவில்லை. சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லவும் பயமாக இருந்தது.

“ஊட்டுல இருந்தா நீங்க வண்டிக்கு அடியில. ஆஸ்பத்திரில கதவுக்கு வெளிய. ரெண்டு வருசமா அந்தக் காரோடதான் குடித்தனம் பண்றீங்க” என்றாள். “அது நின்னாத்தான் எம்பக்கத்துல வந்து உக்கார்றீங்க.”

சூடான இன்ஜினில் பெட்ரோல் டியூபைத் தொடக் கூடாது என்று துளசிமணி எப்போதோ எச்சரித்திருந்தாள். அதனால் வண்டி நிற்கும்போதெல்லாம் சூடு ஆற கால்மணி நேரம் காத்திருப்பார். வெயிலுக்குப் பின்சீட்டில் ஏறிக்கொள்வார். மயிலாத்தாள் கால் நீட்டியிருப்பாள். உட்கார இடம் வேண்டி அந்தக் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். அவர் கண் என்னவோ கைக்கடிகாரத்தைவிட்டு நகராது. கால்களை மடியில் வைத்திருந்ததே இப்போது அவள் பேசிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“கட்டில் போச்சே அன்னிக்கு? மூச்சு முட்டினப்பக்கூடவா?”

“அன்னிக்குச் சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சுங்க. சொல்லலை.” கண்ணை மூடிக்கொண்டாள். “அந்த மிசினுக்கு ஓடி ஓடி நான் ஓஞ்சு போயிட்டேனுங்க.”

நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது. இரண்டு வருசமாக அழ நேரமில்லாமல் ஓடியவர். டின்னைத் தள்ளிவிட்டு, அந்தச் சிவப்பு வட்டத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதார். மயிலாத்தாள் அவரைத் தடுக்கவில்லை.

சனிக்கிழமை கார் நிற்காமல் ஓடியது. ஏழே முக்காலுக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தார்கள். எட்டு மணிக்குக் கட்டில் கிடைத்தது. நான்கு மணி நேரம் மிசின் ஓடியது. அவர் கதவுக்கு வெளியே நின்றார்.

திரும்பும்போது மயிலாத்தாள் பின்சீட்டில் கண் அயர்ந்திருந்தாள். ஊருக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால், ரோட்டோரம் ஒரு புங்கமரம். அதன் நிழலில் வண்டி மெல்ல ஒதுங்கி நின்றது.

அவள் விழித்தாள்.

“மறுபடியும் அடச்சுக்கிச்சுங்களா?”

“இல்லை.”

நாச்சிமுத்து சாவியை உருவினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்பக்கம் வைத்தார். கீழே இறங்கினார். பானெட் பக்கம் போகாமல் பின்கதவைத் திறந்தார்.

“ஊட்டுக்குப் போக நேரமாகுதுங்களே” என்றாள் மயிலாத்தாள்.

அவர் அவள் கால்களைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஆகட்டும்.”