மூன்று திருகாணிகளும் ஒரு மூச்சும்

கடலில் பாய்மரக் கப்பல்கள் மட்டுமே ஓடிய காலத்தில், சங்குத்துறை என்ற பட்டினத்தில் சாத்தப்பன் என்று ஒரு முத்து வணிகன் இருந்தான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இந்தக் கதையைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

அவன் மனைவி வஞ்சிக்கொடி ஒருமுறை சாகக் கிடந்தாள். அப்போது ஒரு மாலுமி வந்தான். அவன் வந்த கப்பலை ஊரில் யாரும் பார்க்கவில்லை. அவன் காலடியில் நிழலும் இல்லை. உள்ளங்கை அளவுக் கடிகாரம் ஒன்றைச் சாத்தப்பனிடம் கொடுத்து, "இது ஓடும்வரை அவள் மூச்சும் ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வஞ்சிக்கொடி எழுந்தாள். சிரித்தாள். வீட்டை ஆண்டாள்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு காலையில் அந்தக் கடிகாரம் தடுமாறியது. முத்துக் கோத்துக்கொண்டிருந்த வஞ்சிக்கொடியின் கை காற்றில் அப்படியே நின்றது. கடிகாரம் ஒருமுறை துடித்தால் அவள் ஒருமுறை மூச்சு விட்டாள். திறந்திருந்த அவள் கண்ணின்மேல் ஈ வந்து உட்கார்ந்தது. இமை அசையவில்லை.

சாத்தப்பன் அலறிக்கொண்டு ஓடி, அரண்மனைக்கு வாள் தீட்டும் கொற்றனை அழைத்து வந்தான். கடிகாரத்தின் மூடியை மூன்று சிறிய திருகாணிகள் பிடித்திருந்தன. கொற்றன் ஒரு திருப்புளியை எடுத்து, வாளைத் தீட்டுவது போலவே தீட்டினான்.

"பாருங்கள் செட்டியாரே, மயிரை நீளவாக்கில் பிளக்கும்!"

திருகாணித் தலையின் வெட்டில் அதை வைத்து அழுத்தினான். கூர்முனை மேலேறி வழுக்கியது. மூடியின் பித்தளையில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. அதே நொடியில் வஞ்சிக்கொடியின் கன்னத்திலும் கீறல் விழுந்தது. இரத்தம் வரவில்லை. கீறலுக்குள்ளே பித்தளை மின்னியது.

கொற்றன் கருவிகளைப் போட்டுவிட்டு ஓடினான்.

அடுத்து, துறைமுகத் தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கும் வேம்பி வந்தாள். அவள் கருவியைப் பார்க்கவில்லை. முதலில் திருகாணிகளைப் பார்த்தாள். பிறகு எண்ணெய் விட்டுத் தேய்க்கும் கல்லை எடுத்து, கொற்றன் போட்டுவிட்டுப் போன திருப்புளியின் கூர்முனையைத் தேய்த்து எடுக்கத் தொடங்கினாள்.

"ஏ பெண்ணே, மழுக்குகிறாயே! பைத்தியமா உனக்கு?"

"அந்தக் கன்னத்தைக் கிழித்தது எது செட்டியாரே, மழுக்கலா, கூரா? கத்தி வெட்டட்டும். திருப்புளி பிடிக்க வேண்டும்."

தட்டையாக்கிய முனையை முதல் திருகாணியில் பொருத்திக் கையை எடுத்தாள். திருப்புளி சாயாமல் தானே நின்றது. திருப்பினாள். கழன்றது.

இரண்டாவது திருகாணிக்கு அந்த முனை அகலம். சுற்றியிருந்த பித்தளையைச் சுரண்டிவிடும். ஒடுங்கிய வேறொன்றை எடுத்து, இரு பக்கமும் சமமாகத் தேய்த்து, வைத்துக் கையை எடுத்தாள். நின்றது. கழன்றது.

மூன்றாவதில் அது லேசாகச் சாய்ந்தது. வேம்பி மறுபடியும் கல்லுக்குப் போனாள். கடிகாரத்தின் துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"அதே போதும் அம்மா! கொஞ்சம்தானே சாய்கிறது! அவள் போய்விடுவாள்!"

வேம்பி திருப்புளியை அவனிடம் நீட்டினாள். "அப்படியானால் நீங்களே திருப்புங்கள்."

அவன் வெட்டில் வைத்து அழுத்தினான். முனை இடமும் வலமும் ஆடியது. வஞ்சிக்கொடியின் இரண்டு கருவிழிகளும் இடமும் வலமும் ஆடின.

சாத்தப்பன் கையை இழுத்துக்கொண்டான். திருப்புளியைத் திருப்பிக் கொடுத்தான். கல் காய்ந்தபோது அவனே எண்ணெய் விட்டான்.

வேம்பி தேய்த்தாள். வைத்துப் பார்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். துடிப்பு அடியோடு நின்றது. வீட்டில் கல்லில் இரும்பு உரசும் ஒலி மட்டுமே கேட்டது.

திருப்புளி நின்றது. மூன்றாவதும் கழன்றது.

உள்ளே ஒரு சக்கரத்தில் நீளமான முடி சுற்றியிருந்தது. அந்த வீட்டில் யாருக்கும் அவ்வளவு நீண்ட முடி இல்லை. அது ஈரமாக இருந்தது; கடல் வாடை வீசியது. வேம்பி இடுக்கியால் பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. கடைசி நுனியும் வந்ததும் அடுப்பில் போட்டாள். அது நெளிந்து, சுருண்டு, எரிந்தது.

கடிகாரம் ஓடியது.

"என்னங்க," என்றாள் வஞ்சிக்கொடி, முகத்தைச் சுளித்துக்கொண்டு. "யார் இது, இவ்வளவு நேரமாக இரும்பைப் போட்டு உரசுவது? பல்லெல்லாம் கூசுகிறது!"

சாத்தப்பன் அழுதான். அழுதுகொண்டே சிரித்தான்.

"மூடியை முடுக்கட்டுமா செட்டியாரே?" என்று வேம்பி கேட்டாள்.

"முனையை இன்னொரு முறை பார்த்துவிட்டு முடுக்கு அம்மா. அவசரம் ஒன்றுமில்லை."

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: உயிரே போகும் அவசரத்திலும், வேலைக்குப் பொருந்தும்வரை கருவியைத் திருத்துகிற பொறுமைதான் உயிரைக் காக்கும்.