தள்ளி உட்கார்ந்த தர்மலிங்கம்

சிரிக்கத்தான் போகிறீர்கள். அதற்கு முன் கொஞ்சம் வேர்த்துக்கொள்ளுங்கள், சமையல்காரி பேச்சியம்மாவைப் போல. அடுப்படிக்கு ஒரு ஃபேன் கேட்டதற்கு, "அடுப்பு அணைஞ்சிடும், போ!" என்று விரட்டிவிட்டார் காண்ட்ராக்டர் தர்மலிங்கம்.

அவருக்கோ சுவரளவு டிவி வேண்டுமாம். ஹாலை அளக்க வந்த கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "இவ்ளோ கிட்ட உட்கார்ந்தா கண்ணு போயிடும் சார். சின்னதா பாருங்களேன்."

"சின்னதா? சம்பந்தி சிரிப்பான்யா! டிவியும் பெரிசா இருக்கணும், கண்ணும் வலிக்கக் கூடாது. யாராவது வழி சொல்லுங்க!"

"சமையல்கட்டுச் சுவரை இடிச்சிட்டா தள்ளி உட்காரலாமே மொதலாளி," என்றாள் பேச்சியம்மா.

இடித்தார். டிவி வந்தது. சோபாவில் சாய்ந்து, "எல்லாம் உன் புண்ணியம் பேச்சியம்மா!" என்று உருகினார்.

"இல்ல மொதலாளி, உங்க புண்ணியம். நீங்க நல்லாருக்கணும்!" அடுப்பு முன்னால் நின்று மனசாரக் கும்பிட்டாள். முந்தானை படபடவென்று பறந்தது.

தர்மலிங்கம் முந்தானையைப் பார்த்தார். அண்ணாந்து ஹால் ஃபேனைப் பார்த்தார்.

"அடிப்பாவி!"