வெயிலில் தெரியாத தீ

கடலோரத்தில் புகை விடாத மின்நிலையம் ஒன்று இருந்தது. இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தெடுத்து, அதை எரித்து மின்சாரம் எடுப்பார்கள். பிரிக்கும்போது வரும் கரியமில வாயுவைப் பிடித்து, கடலுக்கு அடியில் பாறைக்குள் அனுப்பிவிடுவார்கள். நூறு பங்கில் எத்தனை பங்கு பிடிபட்டது என்று தினமும் வாசல் பலகையில் எழுதிவைப்பது அங்கே வழக்கம்.

இசக்கியப்பன் இருபத்தாறு வருடம் நிலக்கரி நிலையத்தில் இருந்துவிட்டு, இங்கே மாணவராக வந்தவர். ஆசிரியை ஜெசிந்தா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் இசக்கியப்பனுக்குத் தனிப் பொறுப்பு.

அன்று முதல்முறையாகப் பலகையில் எழுதும் வேலை இசக்கியப்பன் கைக்கு வந்தது. முந்தின நாள், பழைய பழக்கத்தில் ஒரு வால்வை அவர் முந்தித் திறந்துவிட, வாயுவைப் பாறைக்குள் அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸர் நின்றுபோனது. ஆறு மணி நேரம் கரியமில வாயு காற்றில் கலந்தது. பிடிபட்டது எழுபத்தொன்றுதான்.

“மேடம், எப்பவும் போலத் தொண்ணூற்றஞ்சுன்னே எழுதிடட்டுமா?”

“ஏன் அண்ணாச்சி?”

“போன வாயுவை யார் பார்த்தா? நிலக்கரின்னா காயப்போட்ட துணி கறுத்திரும், ஊரே சண்டைக்கு வரும். இங்க ஒரு காக்காகூடத் தும்மலை.”

ஜெசிந்தா சிரித்தார். மூலையிலிருந்த தென்னந்துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பயிற்சி முற்றத்துக்கு நடந்தார்.

“கூட்டுறதும் நீங்கதானா மேடம்?” என்றபடி இசக்கியப்பன் பின்னால் போனார்.

உச்சி வெயில். முற்றத்தின் நடுவே மெல்லிய குழாய் ஒன்று நின்றது.

“ஹைட்ரஜன் எரியுதா, பாருங்க.”

இசக்கியப்பன் உற்றுப் பார்த்தார். “அணைஞ்சு கிடக்கு.” சொல்லிக்கொண்டே அதன் பக்கம் போனார்.

“நில்லுங்க. இதை முன்னால நீட்டிட்டுப் போங்க.”

துடைப்பத்தை வாங்கிக்கொண்டு மூன்றடி வைத்தார். வெறுங்காற்றில் ஈர்க்கு நுனிகள் பற்றிக்கொண்டன. வெடுக்கென்று கையை இழுத்தார். குழாயின் வாயில் அப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

துடைப்பத்தை மணலில் அணைத்துவிட்டு இருவரும் வாசலுக்கு வந்தார்கள். பக்கத்து மீனவர் குடியிருப்புப் பெண்கள் இருவர், குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பழைய எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இசக்கியப்பன் குரலைத் தாழ்த்தினார். “இவங்க கையில துடைப்பம் இல்லையே மேடம்.”

ஜெசிந்தா சாக்பீஸை நீட்டினார்.

“இருக்கு அண்ணாச்சி. நீங்க எழுதப்போற பலகை.”

இசக்கியப்பன் பலகையைத் துடைத்தார். பிறகு, முதல் இலக்கமாக 7 என்று எழுதினார்.